மஞ்சள் தண்ணீரும் ஏழுவரி ஆமையும்

கண்ணு,

நீ அனுப்பிய டிக்கெட் வந்து சேர்ந்தது. சென்னை போய், அங்கிருந்து அந்தமான், அப்புறம் காரில் வடக்கே தீவின் கடைசி வரைக்கும், ஆமை கரையேறுகிற கடற்கரைக்குப் பக்கத்திலேயே தங்கும் இடம் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாய். தை மாதக் கடைசியில் பயணம். எனக்கு ஒன்று, உன் அம்மாவுக்கு ஒன்று. "அப்பா, டிக்கெட் போட்டாச்சுங்க, நீங்க ஒண்ணும் யோசிக்காம கெளம்புங்க" என்று நீ மெல்போர்னிலிருந்து சொன்னபோது, "செரி கண்ணு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நான் கோபித்துக்கொண்டேன் என்று நீ நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. பக்கத்தில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டு பேச முடியாத விஷயம் இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பம்ப்செட் பட்டறை நடத்தி, வியாபாரத்துக்கு நாலு வரி எழுதிப் பழகிய கை. மகனுக்கு எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது. இதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ கேட்கும்போதெல்லாம் "எல்லாம் நல்லாப் போகுது" என்றுதான் சொல்லியிருக்கிறேன். காலையில் சாந்தாமணி வந்து உன் அம்மாவைக் குளிக்க வைத்து, சமையல் செய்துவிட்டு மத்தியானம் போய்விடுகிறாள். அதற்கு மேல் நான்தான். மாத்திரை, சாப்பாடு, கதவுத் தாழ்ப்பாள், கேஸ் அடுப்பு, ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில். பட்டறையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவன் நான். அப்போதெல்லாம் உடம்புதான் வலிக்கும், படுத்தால் போய்விடும். இது படுத்தாலும் போவதில்லை. போன மாதம் ஆர்.எஸ்.புரத்தில் மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தமான் கதையைச் சொன்னேன். "அம்மா ஆசைப்படறாங்கன்னா இந்த வருசமே கூட்டிட்டுப் போயிருங்க. இப்பப் போனா, பாக்கறது என்னன்னு அவங்களுக்குத் தெரியும். அடுத்த வருசத்துக்கு என்னால உறுதி சொல்ல முடியாதுங்க" என்றார். கூடவே, "நீங்க ஒருத்தரா மட்டும் போகாதீங்க. அம்மாகூட ரெண்டு பேராச்சும் வேணும்" என்றும் சொன்னார். முதலில் சொன்னதை மட்டும் உன்னிடம் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லவில்லை. நீயாகக் கேட்பாய் என்று இருந்துவிட்டேன்.

அந்தத் தீவின் மேல் உன் அம்மாவுக்கு எப்படி ஆசை வந்தது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கிற டீச்சர். வருடா வருடம் ஊர்வன பாடம் வரும். வருடா வருடம் அதே ஏழுவரி ஆமையைப் பலகையில் வரைவாள். முதுகில் ஓடு கிடையாது, தோல்தான், அதில் நீளவாக்கில் ஏழு வரிகள், உலகத்திலேயே பெரிய கடலாமை, நம் தேசத்தில் அது முட்டையிட வருவது அந்தமான் நிக்கோபார் பக்கம்தான் என்று அவள் பாடம் நடத்துவதை வீட்டில் நாமும் கேட்டோம். வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டங்காட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் கடலையே பார்த்தாள். பார்த்த அன்றைக்குக் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங் மாமா, இங்கெல்லாம் ஆமை வராதுங்களா?" என்பதுதான். உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு பொங்கலுக்கு வாசலை அடைத்துக்கொண்டு அந்த ஆமையைக் கோலமாகப் போட்டாள். நீதான் கலர் பொடி தூவினாய். எதிர் வீட்டு அம்மா பதறிப்போய், "ஏனுங் டீச்சர், நல்ல நாளும் அதுவுமா வாசல்ல ஆமையைப் போட்டு வெச்சிருக்கறீங்களே, குடும்பத்துக்கு ஆகுங்களா?" என்று கேட்டார். உன் அம்மா கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலேயே அவருக்கு அரை வகுப்பு எடுத்துவிட்டாள். பாவம், அந்த அம்மா அதற்கப்புறம் நம் வாசல் பக்கம் வாயே திறக்கவில்லை.

ஒரு தடவை நிஜமாகவே கிளம்பிவிட்டோம். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் நாலைந்து பேர் குடும்பத்தோடு சேர்ந்து கப்பலில் போக ஏற்பாடு செய்திருந்தார்கள். மாசி மாதம். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் நம் ஊர் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுப் பூச்சாட்டிவிட்டார்கள். அந்த வருடம் நோம்பி முன்னாலேயே வந்துவிட்டது. பூச்சாட்டி விட்டால் அப்புறம் கம்பம் பிடுங்கிக் கிணற்றில் விட்டு, ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் ஊர்க்காரர்கள் வெளியூரில் தங்கக் கூடாது. எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். நீ அங்கே உன் சிநேகிதர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானே அன்றைக்குச் சிரித்தேன். "சயின்ஸ் டீச்சரே இப்படிச் சொன்னா எப்படி அம்மணி? பொட்டியத் தூக்கு, போலாம்" என்றேன். அவள் பெட்டியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைத்துக்கொண்டே, "நா நம்பறனா இல்லியாங்கறது வேறீங் மாமா. ஊரே கட்டுப்பட்டு நிக்கிறப்ப நாம மட்டும் போனா நல்லாவா இருக்கும்? ஆமை எங்க போயிரப் போகுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வருடம் என் அப்பா படுக்கையில் விழுந்தார். அதற்கடுத்து பட்டறை, அப்புறம் உன் படிப்பு, உன் கல்யாணம். யார் மேலும் தப்பில்லை. ஆசைகளைத் தள்ளித் தள்ளிப் போடும்போது நாம் எதையும் இழக்கிற மாதிரியே தெரிவதில்லை, அதுதான் அதில் உள்ள கெடுதல். நீயும் உன் மனைவியும் எங்கேயாவது போக வேண்டும் என்று பேசிக்கொண்டால், பேச்சோடு நிறுத்தாதீர்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போது உனக்குத் தெரியாத கதைக்கு வருகிறேன். மறதி ஆரம்பித்த பிறகு உன் அம்மாவுக்குச் சாயங்காலம்தான் சிரமம். வெயில் தாழ்ந்தால் போதும், ஒரு பையில் சேலை, சீப்பு, கையில் கிடைத்தது எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு கேட்டருகே வந்து நிற்பாள். "நேரமாச்சுங்க, கப்பல் போயிரும்" என்பாள். நான் என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது. ஒரு நாள் நான் கொல்லைப்பக்கம் போய் வருவதற்குள் கேட்டைத் திறந்துகொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டுக்கே போய்விட்டாள். லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோடு. பேக்கரிக்காரர்தான் பார்த்துக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த நாளும் பையோடு வந்து நின்றாள். எனக்கு எங்கிருந்துதான் அப்படி வாயில் வந்ததோ, "எங்க அம்மணி போறே? ஊர்ல பூச்சாட்டியாச்சு. இப்பப் போயி வெளியூர்ல தங்கலாமா?" என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா அப்படியே நின்றாள். "அட, ஆமாங்க" என்றாள். பையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாத்திரை செய்யாததை அந்த ஒரு பொய் செய்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் பூச்சாட்டினேன். ஆடியில் பூச்சாட்டினேன், ஐப்பசியில் பூச்சாட்டினேன். மாரியம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொல்கிறோமே என்று மனசு உறுத்தும். கோயில் பக்கம் போகும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வேன். ஆனால் நிம்மதியாக ஒரு டம்ளர் காப்பி குடிக்க முடிந்ததே என்று அந்தப் பொய்யை விடவும் மனசு வரவில்லை. களைத்துப்போன மனிதனுக்குப் புத்தி அவ்வளவுதான் வேலை செய்யும்.

ஆனால் சொன்ன பொய்க்கு வட்டி கட்ட வேண்டியதாகிவிட்டது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இல்லாதவளுக்கு, தினமும் சொல்லிச் சொல்லி, பூச்சாட்டு மட்டும் நன்றாகப் பதிந்துவிட்டது. ஒரு நாள் சமையலறைக்குப் போய் சாந்தாமணியிடமிருந்து தாளிக்கிற கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "பூச்சாட்டியிருக்குதல்ல? ஊட்ல தாளிக்கலாமா? உங்கூருல இந்த வழக்கமெல்லாம் இல்லீங்களா?" என்று அதட்டல் வேறு. நம் ஊரில் நோம்பி முடிகிற வரை தாளிப்பும் கிடையாது, கறியும் கிடையாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. சாந்தாமணி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். அன்றையிலிருந்து நம் வீட்டில் கடுகு வெடிக்கவில்லை. முட்டைகூட இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வேப்பங்கன்றைக் கம்பம் என்று வைத்துக்கொண்டு, அதில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி, தினமும் குளித்த ஈரத்தோடு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறாள். இந்த மழையில்லாத வருடத்திலும் அந்தக் கன்று மட்டும் தளதளவென்று இருக்கிறது. போனில் நீ பார்த்து, "வேப்பமரம் நல்லா வந்துருச்சுங்களே" என்று சொன்னாயே, அது இதனால்தான்.

இந்த நிலைமையில்தான் உன் டிக்கெட் வந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். உன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மணி, ஆமை பாக்கப் போறோம். பையன் டிக்கெட் எடுத்துட்டான்" என்றேன். முகம் மலர்ந்தது. உடனே சுருங்கிவிட்டது. "எப்படீங் போறது? பூச்சாட்டியிருக்குதல்லங்க" என்றாள். நான் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "அது நா சும்மா சொன்னது அம்மணி. மார்கழில ஏது பூச்சாட்டு?" என்றேன். அவளுக்கு வந்ததே கோபம். "ஆத்தா விசயத்துல போயி இப்படிப் பேசறீங்களே, உங்களுக்கென்ன புத்தி பெசகிருச்சா?" என்று எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. "ஏன் அம்மணி அழுவற?" என்று கேட்டேன். வகுப்பில் பையன்களுக்குச் சொல்கிற அதே குரலில், "அழுவலீங்க. கரையேறி வந்தா அதுக்குக் கண்ணுல தண்ணி வரும். ஒடம்புல சேந்த உப்பு வெளிய போகுது, அவ்வளவுதான்" என்றாள். ஆமையைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்த பிறகு அங்கே நிற்க முடியவில்லை. கண்ணு, அவளுக்குப் போக வேண்டும். அவள் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டது அந்த ஒன்றைத்தான். அதற்குக் குறுக்கே நான் சொன்ன பொய்யே வந்து நிற்கிறது.

உன்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போன தடவை நீ வந்திருந்தபோது உன் அம்மா உன்னைப் பார்த்து, "வாங்க தம்பி, யாரு வேணுங்க? உக்காருங்க, டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். நீ டீயை வாங்கிக் குடித்தாய். ஆபீசில் அவசரம் என்று ரெண்டு நாள் முன்னாலேயே கிளம்பிவிட்டாய். அதற்கப்புறம் நீ போனில் கூப்பிட்டாலும் "அம்மாகிட்டக் குடுங்க" என்று கேட்பதில்லை. வேப்பங்கன்றைக் காட்டுங்க, வாசலைக் காட்டுங்க என்கிறாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. பெற்றவளே யாரென்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் வலிக்கத்தான் செய்யும். என்னையே ஒரு நாள் "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டாள். "பெரியநாயக்கன்பாளையமுங்க" என்றேன். "அட, நாங்களும் அங்கதானுங்க இருக்கறோம், ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க" என்றாள். "வாரேனுங்க" என்றேன். வேறென்ன சொல்வது? நாலு தடவை ஆன பிறகு பழகிவிட்டது. யாரென்று கேட்டால் இன்னாரென்று சொல்ல வேண்டியது. மறுபடி கேட்டால் மறுபடி சொல்ல வேண்டியது. அவள் உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! பக்கத்தில் இருக்க முடியாதபோது மனிதர்கள் ஏதாவது வாங்கி அனுப்புவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என் அப்பா படுத்திருந்தபோது பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடியவன்தான். அதனால் உன் டிக்கெட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். காலையில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்த உன் அம்மா, "இந்த வருசம் நோம்பி ஏனுங் இத்தனை நாளு இழுக்குது? மஞ்சத்தண்ணி எப்பத்தான் ஊத்துவாங்க?" என்று சலித்துக்கொண்டாள். பாவம், அவளுக்கே அலுத்துவிட்டது. எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சாந்தாமணியைக் கூப்பிட்டு, பெரிய குண்டாவில் மஞ்சளைக் கரைத்து வேப்பிலை போடச் சொன்னேன். கன்றைப் பிடுங்க மனசில்லை. அதில் கட்டியிருந்த துணியை மட்டும் அவிழ்த்துக் கொண்டுபோய்ப் பட்டறைக்குப் பின்னால் உள்ள கிணற்றில் போட்டேன். போடும்போது, ஆத்தா, தெரியாமல் செய்துவிட்டேன், இத்தோடு விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன். திரும்பி வந்து, "அம்மணி, கம்பம் புடுங்கியாச்சு, வா" என்று அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு சொம்பு மோந்து அவள் தோளில் ஊற்றினேன். எனக்குப் பயம்தான். மிரண்டுபோய்க் கத்தினாலும் கத்துவாள் என்று நினைத்தேன். உன் அம்மா ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். அப்புறம் என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கி, குண்டாவில் முக்கி எடுத்து, என் தலையிலேயே கவிழ்த்தாள். கண்ணாடி, சட்டை, பாக்கெட்டில் இருந்த போன் எல்லாம் மஞ்சள். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "மாட்டிக்கிட்டீங்களா மாமா? போன நோம்பிக்கு ஓடிப் போயிட்டீங்கல்ல?" என்றாள். அவள் என் மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் அன்றைக்கு என்னைத் துரத்தியவள். அவள் என்னை மாமா என்று கூப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. நான் அந்த ஈரத்தோடு படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சாந்தாமணி எதிரிலேயே அழுதேன்.

தலை துவட்டி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மத்தியானக் குழம்பில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. அவள் கரண்டியைப் பிடுங்கப் போகவில்லை. "அப்ப இனி ஊர்ல தடையில்லீங்களே, ஆமை பாக்கப் போலாமுங்களா?" என்று கேட்டாள். "போலாம் அம்மணி" என்றேன். அப்புறம், "எம்பட பையனும் வாரானுங்களா?" என்று கேட்டாள்.

நான், "வாரான்" என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. இன்றைக்குக் காலையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நானும் "வாரான், வாரான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். முந்தின பொய்யை ஒரு குண்டா மஞ்சள் தண்ணீரில் கழுவிவிட்டேன். இதைக் கழுவ எனக்கு வழி தெரியவில்லை. அங்கே வழியில் கடலைக் கடக்கப் படகில் ஏறும்போது ஒரு கையை நான் பிடித்துக்கொள்வேன். இன்னொரு கையைப் பிடிக்க ஆள் வேண்டும். உன்னை யாரென்று கேட்பாள், நூறு தடவை கேட்பாள். சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவதாக ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிடு, கண்ணு. எனக்குத் தனியாக முடியவில்லை.

அப்பா